புல்வெளியில் மீண்ட காடு

சிங்கப்பூர்த் தீவு முன்னொருகால் காடாயிருந்தது. ஆங்கிலேயர் வந்தபின் காடழிந்து நகராயிற்று. நம் பள்ளிகளில் இவ்வாறே கற்பிக்கிறோம். இதில் பிழையில்லை. ஆனால் காட்டுக்கும் நகருக்கும் நடுவே நெடுங்காலம் ஒரு புல் ஆட்சி செலுத்திற்று என்பதையும், அந்தப் புல்லை மனிதர் அகற்றாமல் காடே அகற்றிய இடங்கள் உண்டு என்பதையும் நாம் சொல்வதில்லை. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள நடைபாதையில் மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், ஓங்கி நிற்கும் மரங்களைக் காட்டி, "இஃது ஆதிகாலத்துக் காடு" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அங்குள்ள மரங்களுட் பல, பயிர் செய்து கைவிட்டுப் புல் மண்டிக் கிடந்த நிலத்தில், எவரும் நடாமல், பிற்காலத்தே தாமாக எழுந்த காட்டைச் சேர்ந்தவை. அக்காடு எவ்வாறு எழுந்தது, எழுந்தது பழைய காடுதானா என்னும் இரண்டையும் ஈண்டுப் பார்ப்போம்.

காட்டை முதலில் அழித்தது கட்டடமன்று. காம்பியர் என்னும் செடி. படரும் இயல்புடைய இச்செடியின் இலையைக் கொப்பரையிலிட்டுக் காய்ச்சி, சாற்றை வற்றவைத்து, கட்டியாக்கி விற்பர். வெற்றிலையோடு நம்மவர் போடும் காசுக்கட்டியைப் போன்ற துவர்ப்புடைய பொருள் அது. ராபிள்ஸ் 1819-இல் வந்திறங்கிய போதே தீவில் சில காம்பியர்த் தோட்டங்கள் இருந்தன. 1830-களில் இங்கிலாந்தின் தோல் பதனிடுவோரும் சாயக்காரரும் காம்பியரை விரும்பி வாங்கத் தொடங்கவே, அத்தோட்டங்கள் தீவின் உட்புறமெங்கும் பரவின. பயிரிட்டோரிற் பெரும்பாலார் தியோச்சியூச் சீனர். காம்பியரோடு மிளகையும் சேர்த்தே வளர்த்தனர். காய்ச்சி எடுத்த இலைச்சக்கை மிளகுக்கொடிக்கு எருவாயிற்று. கணக்கறிந்த வேளாண்மைதான். ஆயினும் அந்தக் கணக்கில் காடு செலவுப் பக்கத்தில் மட்டுமே இருந்தது. செடி நடுவதற்கு ஒரு பங்கு காட்டை வெட்டினால், கொப்பரை எரிக்கும் விறகுக்கென ஏறத்தாழ அதே அளவு காடு மேலும் வேண்டும். பதினைந்து ஆண்டு கழியுமுன் மண் சலித்துவிடும். விறகும் தொலைவாகிவிடும். தோட்டக்காரர் குடிசையையும் கொப்பரையையும் பெயர்த்துக்கொண்டு அடுத்த ஆற்றோரக் காட்டுக்குப் போய்விடுவர்.

அவர்கள் விட்டுச்சென்ற அடையாளம் இன்றும் ஊர்ப்பெயர்களில் இருக்கிறது. லிம் சூ காங், சுவா சூ காங், இயோ சூ காங் என்று அடுக்குமாடி வீடுகளுக்கும் சாலைகளுக்கும் வழங்கும் பெயர்களில் 'காங்' என்பது ஆற்றையும், 'சூ' என்பது அவ்வாற்றங்கரைத் தோட்டத் தலைவனின் இருப்பையும் குறிக்கும். முதலில் வருவது அவனுடைய குலப்பெயர். 1840-களிலேயே தீவில் நல்ல காடு அருகிவரவே, தோட்டக்காரர் பலர் நீரிணையைக் கடந்து ஜொகூருக்குச் சென்றனர். அங்கும் இதே கதை நடந்தது. அதை விரித்தால் கட்டுரை நீளும்.

நம்மவர் கையும் இதில் இல்லாமலில்லை. 1825 தொடங்கி 1873 வரை இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் சிங்கப்பூரில் வேலை வாங்கப்பட்டனர். காட்டினூடே சாலை வெட்டியவர்கள் அவர்கள். தோட்டங்களில் புலி மனிதரை அடித்துத் தின்னத் தொடங்கியபோது, புலி வேட்டைக்கென அவர்களையே குழுக்களாகக் காட்டுக்குள் அனுப்பினர். கைதிகளை மேற்பார்த்த மெக்நேர் என்னும் அதிகாரி 1899-இல் வெளியிட்ட நூலில் இச்செய்தி உள்ளது. காடழித்து நாடாக்கிய கரிகாலனைப் பட்டினப்பாலை புகழ்கின்றது. இங்கே காடு வெட்டிய நம் கைதிகளைப் பாடியவர் எவருமில்லை.

1854-இல் இயற்கை அறிஞர் வாலேஸ் புக்கித் தீமாவில் தங்கி, ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டில், இரண்டு திங்களில், 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். மரம் அறுக்கும் சீனர் வெட்டித் தள்ளிய அடிமரமும் பட்டையும் மரத்தூளும் வண்டுகளுக்கு நல்ல இரையாயின என்பதை அவரே எழுதியிருக்கிறார். சாகின்ற காடு அவருக்கு விருந்து வைத்தது என்றே சொல்லவேண்டும்.

கைவிட்ட நிலத்தில் வந்து நிறைந்தது லாலாங் புல். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் போன்றோர்க்கு அதை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. வாள்போல் விளிம்புடைய இலை, இடுப்பளவோ அதற்கு மேலோ உயரம், பஞ்சுபோன்ற வெண்பூ. மேலே வெட்டினால் கீழே சிரிக்கும். மண்ணுக்குள் கிடக்கும் தண்டு ஒரு விரற்கடை மிஞ்சினாலும் மறுபடி முளைக்கும். என் சிறு பருவத்தில் பால்மரக் கன்றுகளின் நிரைகளுக்கிடையே லாலாங்கை ஒழிப்பதற்கென்றே ஆட்கள் நாள்முழுதும் குனிந்து நின்றனர். இப்புல்லின் பெருவலிமை தீயில் இருக்கிறது. மழையற்ற சில வாரங்களில் காய்ந்து, ஒரு சுருட்டுத் துண்டு விழுந்தாலும் பற்றிக்கொள்ளும். மேலே எரிந்து கருகும். மண்ணுக்குள் இருக்கும் தண்டு வேகாது. பத்து நாளில் பச்சைப் பசேலென்று தளிர் விடும். இடையில் ஏதேனும் மரக்கன்று தலைநீட்டியிருந்தால் அது மட்டும் செத்துப்போகும். ஆகவே தீ புல்லுக்குப் பகையன்று, காவல். இதை மனத்திற் கொண்டால்தான் பின்வருவது விளங்கும்.

புல் என்றதும் தேக்காவையும் சிராங்கூன் சாலையையும் நினையாமல் இருக்க முடியாது. ரோச்சோர் ஆற்றை ஒட்டிய அந்தத் தாழ்நிலத்தில் நீரும் மேய்ச்சலும் கிடைத்தமையால், மாட்டு வாணிகம் அங்கே வேரூன்றிற்று. பஃப்ளோ ரோடு, கெர்பாவ் ரோடு இரண்டும் எருமையின் பெயரே. கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைப் பட்டி. கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்னும் யூத வணிகரின் பெயர் அங்கே ஒரு சந்துக்கு உண்டு. அவருடைய மாட்டு வாணிகமும் நம்மவரின் பால் வாணிகமும் அப்பகுதியை இந்தியர் பகுதியாக்கின. (தேக்கா என்பது தேக்கு மரத்தால் வந்த பெயர் என்று சிலர் எழுதுகின்றனர். சிறுமூங்கிலின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் சொற்றொடரின் திரிபு அது.) நகராட்சியின் கட்டுப்பாடுகளால் 1930-களில் மாட்டுத் தொழில் அங்கிருந்து மறைந்தது. அந்த மேய்ச்சல் நிலத்துக்குக் காடு திரும்பவில்லை. கடையும் வீடும் வந்தன. காடு திரும்பியது தீவின் நடுமேட்டில். இவ்விரண்டு இடங்களுக்கும் வேறுபாடு ஏன் என்பதில்தான் வரலாறு இருக்கிறது.

1880-இல் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளராக வந்த நத்தானியேல் கேன்ட்லி, நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பார்வையிட்டு 1883-இல் ஓர் அறிக்கை எழுதினார். சிங்கப்பூரில் எஞ்சிய காடு ஏறத்தாழ 7 விழுக்காடே என்று அவர் மதிப்பிட்டார். அறுபது ஆண்டுகளில் இவ்வளவு! அவ்வறிக்கையின் பயனாகக் காப்புக்காடுகள் ஏற்பட்டன. அவற்றுள் முதலாவதாக எண்ணப்படும் புக்கித் தீமா 1883-இல் ஒதுக்கப்பட்டது. அன்று ஒதுக்கிய நிலமெல்லாம் காடு என்று எண்ணிவிடக் கூடாது. காடும் புதரும் லாலாங் வெளியும் கலந்த நிலம் அது. கன்றுகளை நட்டுக் காடாக்கும் முயற்சியும் நடந்தது. கன்றை நடுவதைவிடக் கடினமானது, நட்டபின் அதைத் தீயிலிருந்து காப்பது.

காப்புக்காட்டு ஏற்பாடும் நிலைத்து நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால்மரம் வந்தது. பழைய காம்பியர் நிலம், லாலாங் நிலம் எல்லாம் ரப்பர்த் தோட்டமாக மாறின. செம்பவாங், சிலேத்தார், மண்டாய்ப் பகுதித் தோட்டங்களில் தமிழர் பால் வெட்டினர். 1930-களில் காப்புக்காடுகளிற் பல நீக்கப்பட்டு, புக்கித் தீமா, கிராஞ்சி, பண்டான் ஆகிய மூன்றே எஞ்சின.

நடுமேட்டைக் காத்தது வனத்துறை அன்று, குடிநீர்த் தேவை. தாம்சன் சாலையருகே 1860-களில் கட்டிய நீர்த்தேக்கமே 1922-இல் மெக்ரிட்சி என்று பெயர் பெற்றது. 1910-இல் பியர்ஸ், 1920-இல் சிலேத்தார் என்று தேக்கங்கள் பெருகின. வெறும் மேட்டில் பெய்யும் மழை மண்ணை அடித்துக்கொண்டு வந்து நீர்நிலையைத் தூர்த்துவிடும் என்பது, ஏரியும் குளமும் கண்ட தமிழர்க்குப் புதிய செய்தியன்று. நீர்ப்பிடிப்பு நிலத்தில் குடியேற்றமும் பயிரும் தடுக்கப்பட்டன. மனிதர் போக்குவரவு குறைந்தது. அதனால் தீயும் குறைந்தது. மரம் வளர்ப்பதற்காக அன்று, குழாயில் தண்ணீர் வருவதற்காகப் போட்ட வேலிக்குள் காடு தன் வேலையைத் தொடங்கிற்று. 1951-இல் இயற்கைக் காப்பகச் சட்டம் வந்தபோது நகராட்சியின் நீர்ப்பிடிப்பு நிலமும் காப்பகங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

காடு புல்லுக்குள் நுழையும் விதம் விந்தையானது. படைபோல் ஒரே வரிசையாக முன்னேறுவதில்லை. அடர்ந்த லாலாங்குக்குள் விதை விழுந்தாலும் வெளிச்சமின்றியும் வேர்ப்போட்டியாலும் பெரும்பாலும் மாய்ந்துபோகும். மேலும், விதையைச் சுமந்துவரும் பறவைக்கு அங்கே வந்து உட்கார ஒரு கிளை வேண்டும். கிளையற்ற வெளியில் பறவை எச்சமிடாது பறந்துவிடும். ஆதலால் காட்டின் விளிம்பிலும், வெளியின் நடுவே தப்பி நிற்கும் ஒற்றைச் செடியின் அடியிலுமே புதிய கன்றுகள் முதலில் தோன்றும். செண்டுடோக் என்னும் ஊதாப் பூச்செடியும், கெமுந்திங் என்னும் சிறுமரமும், சிம்போ என்னும் மஞ்சட் பூப் புதரும் அத்தகைய முன்னோடிகள். கெமுந்திங்கை நீலகிரி மக்களும் அறிவர். அவர்கள் தவிட்டுப்பழம் என்று பறித்துண்பது இதன் கனியையே. கொண்டைக்குருவி இவற்றில் அமர்ந்து, வேறிடத்தில் தின்ற பழத்தின் விதையை எச்சத்தோடு கீழே போடும். பழந்தின்னி வௌவால் இரவில் அதே தொழிலைச் செய்யும். குரங்கு கன்னப்பையில் பழத்தை அடக்கிக்கொண்டு போய்க் கொட்டையைத் துப்பும். செடியைச் சுற்றி நிழல் விரியும். நிழலில் லாலாங் நிற்காது. வெயிலில் வீரனாகிய அப்புல் நிழலில் நோயாளி. ஆங்காங்கே தோன்றிய நிழல்திட்டுகள் பெருகி ஒன்றோடொன்று கைகோக்கும்போது புல்லின் ஆட்சி முடிகிறது.

இவ்வளவும் தீ வராதிருந்தால்தான். ஐந்தாண்டு முயன்று வளர்ந்த புதரை ஒருநாள் நெருப்பு ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். மறுநாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அதனாலேயே சிங்கப்பூரின் காட்டு வரலாற்றில் மரம் நட்டவரைவிடத் தீயைத் தடுத்த ஏற்பாட்டுக்கு முதலிடம் தரவேண்டும் என்று நான் கருதுகிறேன்.

எழுந்த காடு எத்தகையது? தாவரத் தோட்டத்தின் இயக்குநராகவும், பின்னர்ச் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் தாவரவியற் பேராசிரியராகவும் விளங்கிய ஹோல்ட்டம், வெற்று நிலத்தில் செடிகொடிகள் எந்த வரிசையில் வந்து சேர்கின்றன என்று 1954-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மலாய் மக்கள் தியூப்-தியூப் என்று அழைக்கும் அடினாண்ட்ரா மரம் மிகுந்திருப்பதால் அவ்வகைக் காட்டை அடினாண்ட்ரா பெலுக்கார் என்றார். பெலுக்கார் என்பது வெட்டிய நிலத்தில் மறுபடி வளர்ந்த காட்டுக்கு மலாய்ச் சொல். முதிய பெருங்காடு ரிம்பா எனப்படும். நம் சங்கப் புலவர்களும் பழங்கொல்லையை முதைப்புனம் என்றும், புதிதாய்த் திருத்தியதை இதைப்புனம் என்றும் வேறுபடுத்தினர். ஆயினும் அவை இரண்டும் உழவனின் பக்கத்திலிருந்து பிறந்த சொற்கள். உழவன் போனபின் எழும் காட்டுக்கு மலாயிலுள்ளது போல் வழக்கில் நிலைத்த ஒரு தனிச்சொல்லை நாமும் ஆளத் தொடங்கினால் என்ன? தமிழாசிரியர் இதைச் சிந்திக்கலாம்.

அடினாண்ட்ரா நிற்பது வளமிழந்த, புளித்த மண்ணில். காம்பியர் உறிஞ்சிவிட்டுப் போன மண்ணே அது. உயரம் குறைந்த, ஒரேமாதிரியான மரக்கூட்டம், வகை குறைவு. இது பல பத்தாண்டுகள் மாறாமல் நிற்கக்கூடும். மண் சற்று நன்றாயிருந்த இடத்திலும், பழைய காட்டுத் துண்டுக்கு அண்டையிலும், காடு உயர்ந்து செழித்தது. நடு நீர்ப்பிடிப்புப் பகுதியின் மரங்களை ஆராய்ந்து டர்னர் முதலியோர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஏறத்தாழ நூறாண்டு வயதுடைய மறுவளர்ச்சிக் காட்டில், அதே பரப்புள்ள பழங்காட்டில் காணப்படும் மர வகைகளில் 60 விழுக்காடு அளவே இருந்தது. பழங்காட்டை ஒட்டியே இருந்தும் இவ்வளவுதான்.

காரணம், எல்லா விதையும் பயணம் செய்வதில்லை. மெராந்தி, கெருயிங் முதலிய பெருமரங்களின் காய்க்கு இறகு உண்டு. ஆனால் அது சுழன்று சுழன்று தாய்மரத்தின் அண்டையிலேயே விழுந்துவிடும். அவ்விதை நெடுநாள் உயிரோடு இருப்பதுமில்லை. பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் காடு முழுதும் காய்க்கும். ஒரு தலைமுறை மரம் தன் நிழலைத் தாண்டிச் சில அடி வைத்தால் அதுவே பெரிது. பெரிய விதைகளை விழுங்கிச் செல்லும் இருவாட்சிப் பறவைகளோ தீவை விட்டே மறைந்தன. அவற்றுள் ஒரு வகை 1994-இல் புலாவ் உபினில் மறுபடி காணப்பட்டது. ஆக, பறவைக்குப் பிடித்த சிறுகனி மரங்கள் நூறாண்டில் வந்துவிட்டன. இறகுக்காய் மரங்கள் இன்னும் வழியில் இருக்கின்றன.

இதைக் கொண்டு, "பெலுக்கார்தானே, வெட்டினால் திரும்ப வளரும்" என்று பேசுவோர் உண்டு. வளர்ந்ததற்கு அருகே பழங்காடு இருந்தது என்பதை அவர்கள் மறக்கின்றனர். இன்று பழங்காடு தீவின் பரப்பில் ஒரு விழுக்காட்டிலும் மிகக் குறைவு. 163 ஹெக்டேர் உள்ள புக்கித் தீமா காப்பகத்தையும் நடுநீர்ப்பிடிப்புக் காட்டையும் 1980-களில் ஒரு விரைவுச்சாலை பிரித்தது. 2013-இல் அச்சாலையின் மேல் விலங்குகள் கடக்க மரம் நட்ட பாலம் ஒன்று அமைந்தது. விதைக்கும் அதைச் சுமப்பவற்றுக்கும் வழி வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு அப்பாலம் அடையாளம்.

மறுபக்கமும் ஒன்றுண்டு. சிங்கப்பூரைக் கண்டு, புல்வெளி என்றாலே காடு இறந்த இடம், மரம் வருவதே நன்மை என்று முடிவுகட்டிவிடலாகாது. நீலகிரியின் உச்சிகளில் மடிப்புதோறும் சோலைக்காடும் மேட்டில் புல்வெளியும் இருப்பதைப் பலர் கண்டிருப்பர். அங்கே பனிக்காலத்து உறைபனி, வெளியில் முளைக்கும் சோலைமரக் கன்றைக் கொன்றுவிடும். சதுப்புக் கரிமண்ணை ஆராய்ந்து சுகுமார் முதலியோர் 1993-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அந்தப் புல்வெளி இருபதாயிரம் ஆண்டுக்கும் மூத்தது. தோதவர் எருமை மேய்ப்பதற்கு முன்பே அது இருந்தது. வெள்ளையர் அதனைத் தரிசு என்று எண்ணினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில் என்னும் சீகை மரத்தைக் கொண்டுவந்தனர். விடுதலைக்குப் பின்னும் அம்மரம் பெருவாரியாக நடப்பட்டது. அது தானும் பரவிப் புல்லை விழுங்கிற்று. அம்மரத்தை எதற்காக நட்டனர்? அதன் பட்டையின் துவரைக் கொண்டு தோல் பதனிட. சிங்கப்பூரில் காடு புல்லாயிற்று, நீலகிரியில் புல் காடாயிற்று, இரண்டும் தோலுக்காக.

சிங்கப்பூரில் புல்லும் காடும் தொடுத்த வழக்கு முடிந்துவிடவில்லை. கைவிட்ட சிற்றூர்களிலும் பழத்தோட்டங்களிலும் அண்மைக் காலத்தில் எழுந்த காடுகளில் அல்பீசியா போன்ற வெளிநாட்டு மரங்கள் முந்திக்கொண்டன. அவற்றின் நிழலில் உள்நாட்டு மரங்கள் வருமா என்பதை இனித்தான் பார்க்கவேண்டும். 2011-இல் நின்றுபோன ஜொகூர் ரயில் பாதையோரம் புல்லை வெட்டி வைத்திருக்கும் இடம் புல்லாகவும், வெட்டாத இடம் புதராகவும் மாறி நிற்பதை நடந்து போகிறவர் காணலாம். மாணவர்க்குக் காட்ட அதைவிட எளிய பாடம் இல்லை.

முன்னோடி மரங்களுள் தெம்புசு ஒன்றைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. வெளிச்சத்தை நாடும் மரம், திறந்த நிலத்திலும் பெலுக்காரிலும் நிமிர்ந்து வளரும், பெருவயது வாழும், மாலையில் அதன் பூ மணக்கும். தாவரத் தோட்டத்தில் உள்ள ஒரு தெம்புசு, 1859-இல் தோட்டம் அமைவதற்கு முன்பே அவ்விடத்தில் நின்றது என்பர். சிங்கப்பூரின் ஐந்து வெள்ளித் தாளில் அச்சிடப்பட்டிருப்பது அந்த மரமே. தேக்கா சந்தையில் முருங்கைக்காய் வாங்கும்போது நாள்தோறும் அது கைமாறுகிறது.